1908 டிசம்பர் 21, வியன்னா: ஒரு குவார்டெட் கச்சேரி ரகளையான கதை

மேற்கத்திய சங்கீதத்துல ரகளை ஆன கச்சேரின்னு பேச்செடுத்தா எல்லாரும் நேரா 1913 மே, பாரிஸ், ஸ்ட்ராவின்ஸ்கி பாலேன்னு போயிடுவாங்க. அது பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, பெரிய தியேட்டர், டான்ஸ் வேற, அங்க சத்தம் வந்ததுல பெருசா ஆச்சரியம் இல்ல. எனக்கு அதைவிட சுவாரஸ்யமான கேஸ் அதுக்கு நாலரை வருஷம் முன்னாடி வியன்னால நடந்தது. நாலு பேர் உக்காந்து வாசிக்கிற ஸ்ட்ரிங் குவார்டெட், கூட ஒரு பாடகி, ஐநூறு சொச்சம் பேர் உக்கார்ற ஹால், வந்த ஜனமும் வருஷக்கணக்கா சேம்பர் மியூசிக் (நாலஞ்சு பேர் மாதிரி சின்னக் குழு வாசிக்கிற இசை) கேட்டுப் பழகினவங்க. அங்க போய் சிரிப்பு, சீறல், "நிறுத்து, போதும்"னு கத்தல், அதுக்கு எதிரா "சும்மா இருங்கய்யா, வாசிக்கட்டும்"னு இன்னொரு கத்தல்.

வாசிச்ச பீஸ் ஆர்னால்ட் ஷோன்பர்க்கோட ரெண்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட், ஓபஸ் 10 (ஓபஸ்னா படைப்புக்குப் போடுற வரிசை எண்). ரொமான்டிக் காலம் (19ம் நூற்றாண்டு பாணி) முடிஞ்சு நவீன இசை ஆரம்பிச்ச இடம்னு இதைத்தான் நிறைய பேர் கை காட்டுவாங்க. ரகளைக்கு வழக்கமா சொல்ற காரணம் என்னன்னா இசை ரொம்ப புதுசு, அபஸ்வரம் மாதிரி கேட்டுச்சு, ஜனத்துக்குப் புரியல, கத்திட்டாங்க. எனக்கு இந்த விளக்கம் பத்தல. புரியாத இசைக்கு ஜனம் சாதாரணமா தூங்கும், இல்ல எந்திரிச்சுப் போகும். கத்தணும்னா வேற ஏதோ ஒண்ணு நடந்திருக்கணும். என் கணக்குல அன்னைக்கு கோளாறு ஸ்வரத்துல கொஞ்சம், மிச்சமெல்லாம் கச்சேரிய அடுக்கின விதத்துலயும் அந்த ஹால்ல உக்காந்திருந்தவங்க என்ன எதிர்பார்த்து வந்தாங்கங்கறதுலயும்.

முதல்ல ஹாலும் ஆளுங்களும்

போசன்டார்ஃபர் ஹால்னு பேரு. பியானோ கம்பெனி ஹால். முன்னாடி அது லீக்டன்ஸ்டைன் பிரபுக் குடும்பத்தோட குதிரை ஓட்டப் பழகுற கொட்டகை, 1872ல ஹான்ஸ் ஃபான் பூலோ வந்து வாசிச்சு கச்சேரி ஹாலா திறந்தாங்க. பாக்க அலங்காரம் எதுவும் கிடையாது, ஆனா சவுண்ட் அவ்ளோ நல்லா இருக்கும்னு வியன்னாவே கொண்டாடுன இடம்.

வாசிச்சது ரோஸே குவார்டெட். ஆர்னால்ட் ரோஸே 1881ல இருந்து வியன்னா கோர்ட் ஆபரா ஆர்க்கெஸ்ட்ராவோட கான்சர்ட்மாஸ்டர் (தலைமை வயலின்காரர்), அந்த ஆபராவுக்கு டைரக்டரா இருந்த இசையமைப்பாளர் மாலரோட தங்கச்சி புருஷன், 1882ல ஆரம்பிச்ச குவார்டெட்டை நடத்திக்கிட்டு இருந்தவர். 1890ல பிராம்ஸோட ஜி மேஜர் குவின்டெட் (அஞ்சு பேர் வாசிக்கிறது), ஓபஸ் 111, அதை முதல் முதல்ல வாசிச்சுக் காட்டினதே இவங்கதான். அதாவது பிராம்ஸ் உயிரோட இருக்கும்போதே பிராம்ஸ் கொடுத்து வாசிக்கச் சொன்ன கோஷ்டி. இவங்க சீரிஸ்க்கு டிக்கெட் வாங்குறவங்க யாரா இருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. வீட்டுல அப்பா செல்லோ வாசிப்பார், பொண்ணு பியானோ வாசிக்கும், ஞாயித்துக்கிழமை நாலு பேர் சேந்து ஹைடன் வாசிப்பாங்க, அந்த மாதிரி குடும்பங்க. இசை தெரியாதவங்கன்னு இவங்களைச் சொல்லவே முடியாது. ரொம்ப நல்லா தெரிஞ்சவங்க, அதான் பிரச்சனையே.

ஷோன்பர்க்கும் இந்த ஜனத்துக்குப் புது ஆள் இல்ல. 1899ல எழுதின "வெர்க்லேர்டே நாக்ட்" செக்ஸ்டெட்டை 1902ல ரோஸே குழுவே கூட ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு வாசிச்சாங்க. அது முழுக்க முழுக்க ரொமான்டிக், வாக்னர் பாதி பிராம்ஸ் பாதி. அதுக்கே சீறல் இருந்துச்சு. 1907 பிப்ரவரி 5ம் தேதி முதல் குவார்டெட், ஓபஸ் 7, அதுக்கு நாப்பது ரிஹர்சல் பார்த்தாங்கன்னு சொல்வாங்க, அதுலயும் சலசலப்பு. அப்ப மாலர் எந்திரிச்சு சீறுன ஆளை நேரா போய்க் கேட்டாரு, அந்தாளு "உங்க சிம்ஃபனிக்கும் நான் சீறுவேன்"னாராம். இந்தக் கதைய வேற வேற மாதிரி சொல்வாங்க, எது எப்படியோ மாலர் மாதிரி ஒரு பெரிய மனுஷன் ஹால்ல இருந்தா ஒரு பயம் இருக்கும்ல. 1908 டிசம்பர்ல அவர் நியூயார்க்ல இருந்தார். அன்னைக்கு எந்திரிச்சு நின்னு அதட்ட ஆள் இல்ல.

பீஸ்ல என்னதான் இருக்கு

இதைக் கொஞ்சம் மெதுவா பாக்கணும், ஏன்னா எங்க சிரிச்சாங்கன்னு தெரிஞ்சாதான் ஏன் சிரிச்சாங்கன்னு புரியும்.

முதல் மூவ்மென்ட் (பகுதி) எஃப் ஷார்ப் மைனர் ஸ்ருதி. இதைக் கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்டா ரொமான்டிக் காலத்துக் கடைசிப் பசங்க யாராச்சும் எழுதினதுன்னு சொல்லிடலாம். பிராம்ஸ்கிட்ட கத்துக்கிட்ட மாதிரி சின்ன சின்ன மோட்டிஃபை (ஸ்வரத் துணுக்கை) எடுத்து முறுக்கிக்கிட்டே போறார், ரொம்ப நேரமும் இழுக்கல. 1908லகூட இதுல கோவப்பட ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது ஸ்கெர்ட்ஸோ (வேகமான, குறும்பான பகுதி), டி மைனர். செல்லோ ஒரே டி நோட்டைத் தட்டிக்கிட்டே ஆரம்பிக்கும், மேல மத்தவங்க துண்டு துண்டா ஏதோ சொல்லிட்டு ஓடுவாங்க, ஒரு கிண்டல் தொனி. நடுவுல ட்ரியோ பகுதில திடீர்னு ரெண்டாவது வயலின்ல ஒரு மெட்டு வரும். "ஓ டு லீபர் ஆகஸ்டின், ஆலெஸ் இஸ்ட் ஹின்." வியன்னால பொறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிஞ்ச தெருப்பாட்டு. 1679 பிளேக் சமயத்துல ஆகஸ்டின்ங்கற பாட்டுக்காரன் குடிச்சுட்டு ரோட்டுல விழுந்து கிடந்தான், செத்துட்டான்னு நினைச்சு பிணக்குழில தூக்கிப் போட்டுட்டாங்க, காலைல எந்திரிச்சு உள்ள இருந்தே பாடினான்னு கதை. எல்லாம் போச்சுடா ஆகஸ்டினுன்னு வரும் பாட்டு. குவார்டெட்ல அது நேரா வராது, மெட்டு மட்டும் அப்படியே இருக்கும், கீழ இருக்குற ஹார்மனி அதுக்குச் சம்பந்தமே இல்லாம வேற வழில போகும், கடைசில மெட்டே துண்டு துண்டா உதிர்ந்துடும்.

இப்ப அந்த ஹால்ல உக்காந்திருக்கறவங்க நிலைமையப் பாருங்க. சீரியஸான முகத்தோட பாதி புரிஞ்சும் பாதி புரியாமலும் கேட்டுக்கிட்டு இருக்காங்க, நடுவுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே ஒரு விஷயம் வருது, அதுவும் குடிகாரன் பாட்டு. சிரிப்பு வராம என்ன பண்ணும்? நான் கேட்டாலும் சிரிப்பேன். ஷோன்பர்க் எழுதினதே ஒரு கசப்பான ஜோக்தான்னு எனக்குத் தோணுது, ஜோக்குக்கு சிரிக்கிறது தப்பில்ல. ஆனா ஒரு தடவை ஹால் சிரிக்க ஆரம்பிச்சிருச்சுன்னா அதுக்கப்புறம் அது நிக்காது, இதுக்கு மேல எது வந்தாலும் சிரிக்கலாம்னு லைசென்ஸ் கிடைச்சாச்சு. இந்த ஸ்கெர்ட்ஸோலதான் சிரிப்பு பெருசாச்சுன்னு ஷோன்பர்க்கே பின்னாடி எழுதிருக்கார்.

(இந்த இடத்துல எல்லா ப்ரோக்ராம் நோட்லயும் ஒரு குடும்பக் கதை வரும். 1908 கோடைல ஷோன்பர்க் மனைவி மத்தில்டே, பெயின்டர் ரிச்சர்ட் கெர்ஸ்டல் கூட வீட்டை விட்டுப் போயிட்டாங்க, ஷோன்பர்க்கோட சிஷ்யர் வேபர்ன் பேசி திரும்பக் கூட்டிட்டு வந்தார், நவம்பர் தொடக்கத்துல கெர்ஸ்டல் தற்கொலை பண்ணிக்கிட்டார், வயசு 25. குவார்டெட்டை மனைவிக்குன்னுதான் சமர்ப்பிச்சிருக்கார். அதனால "எல்லாம் போச்சு"ங்கறது அந்த சோகம்னு சொல்லிடுவாங்க. ஆனா இந்த ஸ்கெர்ட்ஸோ ஜூலைலயே முடிஞ்சாச்சு, வீட்டுல வெடிச்சது ஆகஸ்ட் கடைசில. கதை அழகா இருக்குங்கறதுக்காக தேதிய மாத்த முடியாது.)

மூணாவது மூவ்மென்ட்ல யாரும் எதிர்பார்க்காதது நடக்கும், பாடகி எந்திரிச்சுப் பாடுவாங்க. ஸ்ட்ரிங் குவார்டெட்ல குரலா? குவார்டெட்னா வார்த்தை இல்லாத சுத்த இசைங்கறது அந்த ஜனத்துக்கு மதம் மாதிரி. ஸ்டெஃபான் கெயோர்கேவோட ரெண்டு கவிதை, ரெண்டும் அப்ப புத்தம் புதுசு. முதலாவது "லிட்டனை", மன்றாட்டு. இதை தீம், வேரியேஷன்னு (ஒரு மெட்டு, அப்புறம் அதையே மாத்தி மாத்தி) ரொம்ப கட்டுக்கோப்பா எழுதியிருக்கார். கவிதைல இருக்குற உணர்ச்சி தன்னை சேம்பர் மியூசிக் எல்லையத் தாண்டி இழுத்துட்டுப் போயிடுமோன்னு பயந்துதான் வேரியேஷன்குள்ள அடைச்சேன்னு பின்னாடி சொன்னார். அப்படியும் கடைசில அணை உடையும். "காதலை என்கிட்ட இருந்து எடுத்துக்கோ, உன் ஆனந்தத்தைக் கொடு"ங்கற வரில, காதல்ங்கற அந்த ஒரு சொல்லுக்குள்ள குரல் மேல் சி-ல இருந்து ரெண்டு ஆக்டேவுக்கும் (ஸ்தாயிக்கும்) கீழ குதிக்கும். கேட்டா அது பாட்டா அலறலான்னு ஒரு நொடி சந்தேகம் வரும். பாடினது மரீ குட்ஹைல்-ஷோடர், ஆபரால பெரிய ஸ்டார், மாலர் கூட்டிட்டு வந்தவங்க. இவங்க பாடும்போதே சிரிச்சாங்கன்னா அன்னைக்கு ஹால் எந்த மூட்ல இருந்துச்சுன்னு பாத்துக்கோங்க.

நாலாவது, ரெண்டாவது கவிதை "என்ட்ரூக்குங்", பரவசம். இதுக்கு எந்த ஸ்ருதின்னு காட்டுற கீ சிக்னேச்சரே கிடையாது. சத்தத்தை அடக்குற ம்யூட் போட்ட ஸ்ட்ரிங்ஸ், செல்லோல கீழ ஒரு சின்ன ஓட்டம் கிளம்பி வயோலா, ரெண்டாவது வயலின், முதல் வயலின்னு கைமாறிக் கைமாறி மேல ஏறிக்கிட்டே போகும், ரொம்ப மெலிசா, எந்த ஸ்ருதில நிக்குதுன்னே பிடிபடாது. அப்புறம் பாடகி "வேற கிரகத்துக் காத்தை உணர்றேன்"னு ஆரம்பிப்பாங்க. வரி இதுதான்னு தெரிஞ்சு கேட்டா இதைவிடப் பொருத்தமா யாராலயும் எழுத முடியாதுன்னு தோணும். எந்த ஸ்ருதியும் இல்லாம அலைஞ்சுட்டு கடைசில எஃப் ஷார்ப் மேஜர்ல ரொம்ப அமைதியா வந்து உக்காரும். மொத்தம் அரை மணி நேரம் சொச்சம், அதுக்குள்ள பிராம்ஸ் வீட்டுல கிளம்பி வீடே இல்லாத இடத்துக்குப் போயிட்டு வந்தாச்சு.

அடுக்கின விதம்

அன்னைக்கு ப்ரோக்ராம்ல இதுக்கு அடுத்து இருந்தது பீத்தோவனோட ஓபஸ் 74, ஈ ஃப்ளாட் மேஜர், பிட்சிகாட்டோ (தந்திய விரலால மீட்டுறது) நிறைய வர்றதால "ஹார்ப்"னு செல்லப்பேர் வாங்கின குவார்டெட். 1809ல எழுதினது, அப்பவே நூறு வருஷப் பழசு. இதுதான் எனக்கு முக்கியமான தடயம். புதுசை நடுவுல வச்சு பழசைக் கடைசில வைக்கிறது அன்னைக்கும் வழக்கம் இன்னைக்கும் வழக்கம், நம்ம கச்சேரில கனமான பல்லவி பாடிட்டு கடைசில எல்லாருக்கும் பிடிச்ச துக்கடா பாடி அனுப்புற மாதிரி. ஜனம் பாதில எந்திரிச்சுப் போகாதுங்கறது இதுல இருக்குற புத்திசாலித்தனம். ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. பிடிச்சது கடைசில இருக்குன்னா நடுவுல இருக்கறது தடை ஆயிடும், இது எப்ப முடியும் நம்மாளு எப்ப வருவார்னு உக்காந்திருப்பாங்க. எந்திரிச்சுப் போக முடியாது, ஏன்னா பீத்தோவன் வேணும். கோவத்தை அடக்கிக்கிட்டு உக்காரவும் முடியாது. அப்ப என்ன மிச்சம்? கத்துறதுதான்.

கத்துனவங்கள்ல விமர்சகர்களும் இருந்தாங்க. லூட்விக் கார்பாத்ங்கறவர் தானும் கத்தினதை எழுத்துலயே ஒத்துக்கிட்டார், வருத்தத்தோடதான் சொல்றேன்னு ஒரு வாலும் சேத்து. வேலைக்கு வந்த இடத்துல விமர்சகரே கத்தினா டிக்கெட் வாங்கினவன் சும்மா இருப்பானா.

அதே பீஸ், அதே ஆளுங்க, வேற கூட்டம்

இது மட்டும் இருந்திருந்தா நான் சொல்றது வெறும் ஊகம். ஆனா வரலாறு இந்த கேஸ்ல ஒரு டெஸ்ட்டும் வச்சுக் கொடுத்திருக்கு. ரெண்டே மாசத்துல, 1909 பிப்ரவரில, ஒரு கலைச் சங்கம் இதே குவார்டெட்டை ஏர்பார் ஹால்ல திரும்ப நடத்துச்சு. அதே ரோஸே குவார்டெட், அதே குட்ஹைல்-ஷோடர். ஒரு ஸ்வரம் மாறல. வந்தவங்க மட்டும் வேற, புதுசு கேக்கணும்னே வந்தவங்க. ரகளை கிடையாது, நல்லபடியா வரவேற்பு. அப்ப கோளாறு முழுக்க ஸ்வரத்துலதான்னு எப்படிச் சொல்றது? ஆதரவாளர் கூட்டம், கைதட்டத்தான் செய்வாங்கன்னு நீங்க சொல்லலாம், சரிதான், ஆனா அதேதான் நானும் சொல்றேன். யார் எதுக்காக வந்து உக்காந்திருக்காங்கங்கறது பாதிக் கச்சேரி.

ஷோன்பர்க் இதை வேற மாதிரி எடுத்துக்கிட்டார். 1909ல கார்பாத்தை நேரா தாக்கி கார்ல் க்ரவுஸோட "ஃபாக்கெல்" பத்திரிகைல பகிரங்கக் கடிதம் எழுதினார். அதோட சட்டக் கேள்வியாவே ஒரு கட்டுரை போட்டார், டிக்கெட் வாங்கினவனுக்கு கேக்க உரிமை இருக்கு, பக்கத்துல இருக்கறவன் கேக்கறதைக் கெடுக்க உரிமை இருக்கான்னு. நல்ல கேள்விதான். இப்ப சினிமா தியேட்டர்ல போன் பேசுறவனைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டுரைதான் ஞாபகம் வரும்.

1913 வசந்தத்துல வியன்னா இந்தக் கணக்கை இன்னும் தெளிவா போட்டுக் காட்டுச்சு. பிப்ரவரி 23, ஷோன்பர்க்கோட "குர்ரெலீடர்", பழைய ரொமான்டிக் பாணில எழுத ஆரம்பிச்ச பிரம்மாண்டமான பீஸ், ஹால் அதிருற மாதிரி கைதட்டல். மனுஷன் வாசிச்சவங்களுக்கு மட்டும் குனிஞ்சு வணக்கம் போட்டுட்டு ஜனத்துக்கு முதுகைக் காட்டிட்டார், அஞ்சு வருஷக் கோவம். மார்ச் 31, மியூசிக்ஃபெரைன்ல அவரே நடத்தின ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி. வேபர்ன், செம்லின்ஸ்கி, ஷோன்பர்க், ஆல்பன் பெர்க், கடைசில மாலரோட "கின்டர்டோட்டன்லீடர்". பெர்க் பாட்டு வந்தப்ப அடிதடி ஆகி கச்சேரி நின்னே போச்சு. மாலர் வாசிக்கவே இல்ல. பிடிச்சதைக் கடைசில வச்சு ஜனத்தைக் கட்டிப் போடுற வித்தை ரெண்டாவது தடவையும் கவுந்துச்சு.

அதே வருஷம் மே மாசம் போசன்டார்ஃபர் ஹாலை இடிக்கப் போறாங்கன்னு கடைசிக் கச்சேரி. வாசிச்சது அதே ரோஸே குவார்டெட், பீத்தோவன். முடிஞ்சப்புறம் ஜனம் எந்திரிக்கவே மாட்டேன்னுடுச்சு, லைட்டை அணைச்சும் அப்படியே உக்காந்திருந்தாங்கன்னு அங்க இருந்த எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதியிருக்கார். 1908ல கத்தினவங்கள்ல எத்தனை பேர் அன்னைக்கு கண்ணைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருந்திருப்பாங்க! அவங்களுக்கு இசை மேல பாசம் இல்லன்னு சொல்லவே முடியாது.

இப்ப ப்ரோக்ராம் போடுறவங்களுக்கு

இன்னைக்கும் ரொமான்டிக்கையும் புதுசையும் கலந்து போடுற சேம்பர் கச்சேரில பெரும்பாலும் அதே சாண்ட்விச்தான், ஆரம்பத்துல ஹைடன், நடுவுல பத்து நிமிஷம் உயிரோட இருக்குற யாரோ ஒருத்தர், இன்டர்வல், அப்புறம் ஷூபர்ட்டோ பிராம்ஸோ. யாரும் கத்த மாட்டாங்க, நாகரிகமா இருமுவாங்க. என்னைக் கேட்டா ஓபஸ் 10ஐக் கடைசில வைக்கணும். முன்னாடி பிராம்ஸோட சி மைனர் குவார்டெட் ஓபஸ் 51ல ஒண்ணாவது, அது முடிஞ்சு இன்டர்வல், அப்புறம் இது. பிராம்ஸ் காதுல இருக்கும்போதே ஷோன்பர்க்கோட முதல் மூவ்மென்ட் வந்தா அது அவரோட பேரன்னு தானா புரியும், அங்க இருந்து நாலாவது மூவ்மென்ட் வரைக்கும் படி படியா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிடும், ஏன்னா பீஸே அப்படித்தான் கட்டியிருக்கு. கடைசி எஃப் ஷார்ப் மேஜர் அடங்கினப்புறம் வேற எதையும் வாசிக்கக் கூடாது, என்கோர் வேணவே வேணாம். இன்னொண்ணு, கவிதை வரிகளைக் கைல கொடுத்துடணும். அது இல்லாம "என்ட்ரூக்குங்" கேக்கறது பாதி நஷ்டம்.

ஷோன்பர்க் கண்டுபிடிச்ச மருந்து இதைவிடக் கசப்பு. 1918 நவம்பர்ல தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சார். மெம்பர்ஸ் மட்டும்தான் உள்ள வரலாம். பத்திரிகை விமர்சகர்களுக்கு இடமில்ல. என்ன வாசிக்கப் போறாங்கன்னு முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க, சொன்னா பிடிச்சதுக்கு மட்டும் வருவாங்கல்ல. சீறக் கூடாது, சரி, கைதட்டவும் கூடாது. கஷ்டமான பீஸ்னா திரும்பத் திரும்ப வாசிப்பாங்க. மாலர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ்ல இருந்து அன்னைய தேதி வரைக்கும் எழுதினது எல்லாம், ரேகர், டெபுஸி, பார்டோக், ராவேல்னு நூத்துக்கும் மேல கச்சேரி. ஆர்க்கெஸ்ட்ரா வைக்க காசில்லாததால பெரிய பீஸையெல்லாம் சேம்பர் குழுவுக்குச் சுருக்கி எழுதினாங்க. ரொம்ப நாளைக்குத் தன் பீஸ் எதையும் போட விடல, அது பெரிய மனசுதான். கைதட்டலைத் தடுத்தது மட்டும் எனக்குப் பிடிக்கல, பத்துப் பேர் கத்தினதுக்கு நூறு பேர் கையைக் கட்டிப் போட்ட கதை அது. ஆனா ரிஹர்சலும் திரும்ப வாசிக்கறதும் சரியான மருந்து.

1921 மே மாசம் சங்கத்துக்கு காசு திரட்ட ஒரு கச்சேரி வச்சாங்க. என்ன போட்டாங்க தெரியுமா, யோஹான் ஸ்ட்ராஸ் வால்ட்ஸ் நாலு! ஷோன்பர்க் ரெண்டு, பெர்க் ஒண்ணு, வேபர்ன் ஒண்ணுன்னு குவார்டெட், பியானோ, ஹார்மோனியம்னு சின்னக் குழுவுக்கு எழுதினாங்க, ஷோன்பர்க் வயலின், வேபர்ன் செல்லோ, பெர்க் ஹார்மோனியம்னு அவங்களே உக்காந்து வாசிச்சாங்க, முடிஞ்சதும் கையெழுத்துப் பிரதிகளை ஏலம் விட்டாங்க. வியன்னாவே பயந்த மூணு பேரும் சேந்து வியன்னாவுக்கு ரொம்பப் பிடிச்சதை வாசிச்சுக் காட்டினாங்க. பணவீக்கம் விடல, அந்த வருஷக் கடைசியோட வியன்னால சங்கம் நின்னு போச்சு. அந்த வால்ட்ஸ் அரேஞ்ச்மென்ட் எல்லாம் இப்ப ரெக்கார்டிங்ல கிடைக்குது, பெர்க் எழுதின "வைன், வைப் உன்ட் கெசாங்"ல ஹார்மோனியம் வர்ற இடத்தைக் கேட்டுப் பாருங்க.